கஞ்சி வரிசையில் ஏழு பேர்

மரக்கட்டையில் படம் செதுக்கி அச்சடித்த காலம் அது. சென்னப்பட்டணத்தில் சவரிராயர் என்று ஒருவர் அந்த வேலையில் கெட்டிக்காரர். அவரிடம் தொழில் படித்த கனகராயனோ குருவைவிட வயதில் மூத்தவன். ஒரு கட்டையின் மூலையிலாவது தன் பேரை வெட்டிவிட வேண்டும், அவனுக்கு வேறு ஆசையே கிடையாது. படம் தேறியது என்று குரு சொன்னால்தான் பேர் வெட்டலாம். அந்த மனுஷர் லேசில் சொல்லிவிடுகிற ஆளா என்ன?

பஞ்ச காலத்தில் அரிசி மண்டி முதலாளி சிங்காரவேலர் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் படமாக்கும் வேலை இவர்களிடம் வந்தது. கனகராயன் செதுக்கிய முதல் கட்டையை அச்சடித்துப் பார்த்தால், முதலாளி இடக்கையால் தர்மம் செய்கிறார். கட்டையில் வலக்கையாக இருப்பது தாளில் இடக்கையாகிவிடும் என்பதைப் பாவி மறந்துபோனான். அந்தக் கட்டை அடுப்புக்குப் போயிற்று. அடுத்த கட்டைக்கு முதலாளியையே எதிரில் உட்காரவைத்துச் செதுக்கினான். அவரும் நாள்கணக்கில் உட்கார்ந்து, மகள் கல்யாணக் கதையெல்லாம் அவனிடம் சொல்லித் தீர்த்தார். மோதிரக் கல், சால்வைக் கரை, மீசை முறுக்கு எல்லாம் அச்சு அசலாக வந்தன.

சவரிராயர் தாளைப் பார்த்தார். "கஞ்சி வாங்குற ஏழு பேருக்கும் ஒரே முகமா இருக்கே?"

கனகராயனுக்குப் பொறுமை போய்விட்டது. "அவங்க முகத்தை யார் ஐயா பார்க்கப் போறா?"

மறுநாள் மேல்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு மண்சட்டியோடு போய் அதே வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வரச் சொன்னார் குரு. இந்த வயசில் எனக்கு இதுவும் வேணும் என்று முனகிக்கொண்டே போனான் கனகராயன்.

வெயில் ஏறிய பிறகு திரும்பி வந்தவன், சட்டியை டொக்கென்று வைத்தான். கஞ்சி தரையில் சிந்தியது.

"அத்தனை நாள் என் எதிர்ல உட்கார்ந்த மனுஷன் ஐயா. கஞ்சியை ஊத்திட்டு, 'ம், நகரு'ங்கிறார். என்னை அடையாளமே தெரியல அவருக்கு."

இதெல்லாம் ஒரு தர்மமா என்று வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தான்.

அவன் ஓயும்வரை காத்திருந்த சவரிராயர், கட்டையை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"பேர் வெட்டணும்னு கேட்டீரே. இந்த ஏழு பேர்ல நீர் யாருன்னு காட்டும். அவன் காலடியில வெட்டிடலாம்."