மயிலையின் தொழுவத்துக்கு வருவது

"அம்மா, தொழுவத்துக்கு ஏதோ வருது."

இதைச் சொன்னபோது ஆவுடையப்பனின் குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. அப்போதுதான் தொழுவத்திலிருந்து வந்திருந்தார். மழையங்கியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உலகம்மை காய்ந்த வேப்பம்பூவைப் புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நிற்கவில்லை.

"என்ன வருது அண்ணாச்சி?"

"தெரியல. அதுதாம்மா பயமா இருக்கு."

மலையடிவாரத்து அந்த மடத்துக்கு உலகம்மை தலைவி. வயதில் ஆவுடையப்பனுக்கு மகளாகக் கூடியவர். ஆவுடையப்பனோ, மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றபின் உலகம்மையைக் குருவாக வரித்து அங்கே வந்து சேர்ந்தவர்.

மடத்து மாடுகளின் கழுத்தில் சென்சார் பட்டை கட்டியவர் அவர்தாம். எந்த மாடு எவ்வளவு தின்கிறது, எது அசைபோடுகிறது, எது சோர்ந்து படுக்கிறது, எது மிரள்கிறது என்பதையெல்லாம் பட்டை அவருடைய கைபேசிக்குச் சொல்லும். அதனால் தீவனம் வீணாவது நின்றது. தொட்டியில் நீர் வழிந்தோடுவது நின்றது. நோய் முற்றுமுன்னே தெரிந்துவிட்டதால் ஊசியும் மருந்தும் குறைந்தன. நிலம் தந்ததை மாடு தின்று, மாடு தந்ததை நிலம் தின்று, மடம் யார் கையையும் எதிர்பாராமல் நின்றது.

பட்டை அதுவரை சொன்னதெல்லாம் நல்ல செய்தி. இப்போது அது அச்சத்தைச் சொல்லத் தொடங்கியிருந்தது.

"மயிலைப் பசுவுக்குத்தாம்மா. திடீர்னு மிரளுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அசைபோடுறது நின்னுபோகுது. போன் அலறுது. நான் தடியை எடுத்துக்கிட்டு ஓடுறேன். போய்ப் பார்த்தா ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதானே?"

"இல்லம்மா. சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத் திரும்பி வாறேன். வந்து மூச்சு விடுறதுக்குள்ள மறுபடியும் அலறுது."

முறம் நின்றது.

"நான் இருக்கும்போது அது வாறதில்ல. நான் கிளம்பினதும் வருது. எங்கேயோ ஒளிஞ்சு நின்னு என்னையப் பார்த்துக்கிட்டே இருக்கு. நான் எப்பப் போவேன்னு அதுக்குத் தெரியுதும்மா."

"சிறுத்தையா?"

"தடம் இல்ல."

"பாம்பு?"

"இத்தனை தடவை பாம்பு வராது."

"அப்போ பேய்தான்."

"படிச்சவன்மா நான்."

"படிச்ச பேயா இருக்கும்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. மயிலை நிறைசினையாக இருந்தது. சென்ற ஆண்டு பாதிச் சினையில் விழுந்த அதன் கன்றைக் குழி தோண்டிப் புதைத்தவர் அவர். மண்ணைத் தள்ளியபோது அந்தச் சிறு குளம்புகள் எவ்வளவு வெளுப்பாக இருந்தன என்பது அவருக்கு மட்டும் தெரியும். இப்படி ஓயாமல் மிரண்டால் இந்தக் கருவும் தங்காது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"லாரிக்குச் சொல்லியிருக்கேன், இப்ப வந்துரும். மயிலையை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏத்திரலாம். நீங்க உத்தரவு தரணும்."

"அந்த மலைப்பாதையில, லாரியில, அவ வயிறு தாங்குமா?"

"தாங்காமலும் போகலாம். இங்க இருந்தா நிச்சயமாப் போயிரும்மா."

உலகம்மை கையை நீட்டினார்.

"போனை இங்க கொடுங்க."

தயங்கித் தயங்கிக் கொடுத்தார்.

"மாடு மிரண்ட உடனே இது சொல்லிருமா?"

"உடனே சொல்லாது. அடிக்கடி அனுப்பினா பட்டையில பேட்டரி சீக்கிரம் தீர்ந்துரும், குப்பைதான் சேரும். அதனால சேர்த்து வச்சு, கொஞ்சம் பொறுத்து அனுப்புற மாதிரி நான்தான் அமைச்சேன்."

"எவ்வளவு பொறுத்து?"

"தொழுவத்துல இருந்து இங்க நடந்து வந்து உட்கார்ற நேரம் ஆகும்."

"நல்ல ஏற்பாடு" என்றார் உலகம்மை.

கைபேசி அலறியது.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தார். கை தானாகத் தடியைத் தேடியது.

"உட்காருங்க."

"அம்மா, மயிலை..."

"உட்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். உடல்தான் உட்கார்ந்தது. மனம் மழையில் தொழுவத்துக்கு ஓடி, கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பார்க்க அஞ்சியது. ஏதோ பெரிதாக ஒன்று இப்போது மயிலையின் அருகே நிற்கிறது. மயிலை கயிற்றை இழுத்துக் கழுத்தை நெரித்துக்கொள்கிறது. வயிறு கல்தூணில் மோதுகிறது.

அடுத்த அலறலுக்குக் காத்திருந்தார்.

மழை அதற்குள் நின்றுவிட்டது என்று இக்கதையைச் சொல்வோர் உண்டு. நிற்கவில்லை என்றே பலரும் சொல்வர். எப்படியாயினும் ஓட்டுக்கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையைத் தவிர அங்கே வேறு ஓசை இல்லை. உலகம்மை வேப்பம்பூவை முழுதும் புடைத்து முடித்தார். காம்புகளைப் பொறுக்கி எறிந்தார். கைபேசி வாய் திறக்கவில்லை.

எடுத்துக் காட்டினார். திரையில் மிரட்சியைக் காட்டும் கோடு சமமாகக் கிடந்தது.

"அசைபோடுறா" என்றார்.

அது ஆவுடையப்பனை இன்னும் அச்சுறுத்தியது.

"விடாம வந்தது இப்ப மட்டும் ஏம்மா வரல?" என்று கிசுகிசுத்தார். "உங்களுக்குப் பயப்படுதோ?"

"இருக்கலாம்."

"இல்லைன்னா... வந்த வேலையை முடிச்சுட்டுப் போயிருச்சோ?"

உலகம்மை முறத்தை ஒதுக்கி வைத்தார்.

"போய்ப் பார்த்துட்டு வாங்க. எப்பவும் போற மாதிரியே போங்க."

அவர் ஓடினார். மழையங்கி இருபுறமும் படபடத்தது. தடியின் இரும்புப் பூண் கல்லுக்குக் கல் இடித்தது. பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும் தொழுவம் என்பதால் டார்ச்சைப் போட்டுக்கொண்டார். வந்ததை வந்த இடத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்று, வழக்கம்போலக் கதவை ஒரே உதையில் திறந்தார்.

மயிலை படுத்திருந்தது. தாடை பக்கவாட்டில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

மறுகணம் அது எழுந்து துள்ளியது. வயிறு தூணில் மோதியது. கயிறு விறைத்தது.

"பயப்படாதே தாயி! நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்!"

மூலைமூலையாக ஒளியைப் பாய்ச்சினார். வைக்கோற்போரைத் தடியால் குத்தினார். தீவனத் தொட்டிக்குப் பின்னே குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஒளியை மயிலையின் முகத்துக்குத் திருப்பினார். வெள்ளை தெரிய விரிந்த அந்தக் கண்கள் அவரிடமே நிலைகுத்தி நின்றன.

இல்லை. தமக்குப் பின்னால் நிற்கும் எதையோதான் அவை பார்க்கின்றன என்று அவருக்குத் தோன்றியது. முதுகில் மயிர் சிலிர்த்தது. சட்டென்று திரும்பினார்.

திறந்த கதவு. மழைச்சாரல்.

கீழே வளைவில் லாரியின் ஹாரன் கேட்டது. இனிப் பொறுப்பதற்கில்லை என்று எண்ணிக்கொண்டு மடத்தை நோக்கி விரைந்தார். அறையின் வாசலில் கால் வைத்தபோது உலகம்மையின் மடியிலிருந்த கைபேசி அலறியது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களாம்மா! நான் இந்தப் பக்கம் வந்ததும் அது அங்க வந்துருச்சு!"

உலகம்மை கைபேசியை அணைக்கவில்லை. அது அலறி ஓயும்வரை நிமிர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, வந்துருச்சு" என்றார். "வாசல்லயே நிக்குது. தடியைக் கீழ போட்டுட்டு, செருப்பைக் கழட்டிட்டு, உள்ள வரச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் இம்முறை திரும்பிப் பார்க்கவில்லை.