ஏறாத விலை

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவரோட தாத்தா காலத்துலயே தண்டோரா போட்டாச்சு, அரிசி படி ஒரு காசு, உப்பு படி ஒரு காசு, எண்ணெய் உழக்கு ஒரு காசு, இதுக்கு மேல எவன் ஏத்துனாலும் தலை இருக்காதுன்னு. தாத்தா காலத்துலயும் ஒரு காசு, அப்பா காலத்துலயும் ஒரு காசு, இந்த ராஜா காலத்துலயும் அதே ஒரு காசு. பக்கத்துச் சீமையில எல்லாம் விலை ஏறிக் கெடக்கு, நம்ம சீமையில ஏறவே இல்லேன்னு ஊரே மெச்சிக்கிச்சு. ம் கொட்டுங்க, இல்லேன்னா நிறுத்திடுவேன்.

அங்க அரிசிக்கடை வச்சிருந்தவன் நல்லமுத்து. அவன் தாத்தா வச்ச கடை, அதே பித்தளைப் படி. அளக்கும்போது முதல் படிக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டான், லாபம்னுதான் சொல்லுவான். அளக்குறவங்க எல்லாருக்கும் அதானே வழக்கம்.

அதே ஊர்ல ஒச்சம்மான்னு ஒரு மாமியா, அவளுக்குப் பூவாயின்னு ஒரு மருமக. ஒச்சம்மா வாக்கப்பட்டு வந்த காலத்துல ஒரு படி பொங்குனா பானை கழுத்து முட்ட வருமாம், நாலு பேரு தின்னு மிச்சத்துல தண்ணியும் ஊத்தி வைப்பாளாம். இப்பப் பூவாயி பொங்குறா, அதே படி, அதே பானை, அதே நாலு பேரு, ஆனா முக்கால் பானைக்கு மேல வரல.

"அரிசி எங்கடி?"ன்னா மாமியா. "போட்டேன் அத்தை." மறுநாள், "முழுப் படியும் போட்டியா?" "போட்டேன் அத்தை." மூணாம் நாளு கேக்கவே இல்ல, "மடியில கட்டி உங்கம்மா வீட்டுக்கு அனுப்புற"ன்னுட்டா. புருஷங்காரன் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டான். பாவி மக என்ன செய்வா? முதல்ல தன் சோத்தைக் கொறைச்சா, அப்புறம் பாதியாக்குனா, அப்புறம் நீச்சத்தண்ணியைக் குடிச்சிட்டுப் படுத்தா. அப்பவும் அரிசித் திருடிங்கிற பேரு போகல. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம், விலையே ஏத்தாத நல்லமுத்துக்குப் பரிவட்டம் கட்டணும்னு ராஜாவே அம்மன் கோயிலுக்கு வந்தாரு. ஒச்சம்மா மருமகளையும் இழுத்துக்கிட்டு நேரா அங்க போயி, "மகாராசா, விலையும் ஏறல, படியும் மாறல, என் வீட்டுச் சோறு மட்டும் கொறையுது. இவ திருடுறா. இவளை அப்பன் வீட்டுக்கே அனுப்பிட உத்தரவு குடுங்க"ன்னா.

பூவாயி அழல. "நிறைபடியில கை வச்சுச் சத்தியம் பண்றேன் சாமி"ன்னா.

நிறைபடின்னா விளக்குப் பக்கத்துல படி நிறைய அரிசி வைப்பாங்களே, அதான். கோயில்ல இருந்தது தாத்தா ராஜா காலத்துப் படி. பழி வந்தவங்க புதுசா ஒரு படி அரிசி வாங்கி அதுல கொட்டி, நிறைஞ்ச அரிசி மேல கை வச்சுச் சொல்லணும். ரொம்ப வருஷமா யாரும் அப்படிச் சத்தியம் கேக்கல. நல்லமுத்து கடை அரிசியையும் படியையும் அங்கயே கொண்டாந்து, லாபம்னு சொல்லி அவ முந்தானையில அளந்து போட்டான். அவ கொட்டுனா. முக்கால் படிக்கு வந்து நின்னுடுச்சு.

ஊரு என்ன சொல்லுச்சு தெரியுமா? "அம்மனே காட்டிக் குடுத்துட்டா, திருடி கை பட்டா அரிசி கூடச் சுருங்குது"ன்னு சொல்லுச்சு. பூவாயி மாமியா பக்கம் திரும்புனா. "அத்தை, நீங்க திருடி இல்லையே. நீங்க ஒரு படி வாங்கிக் கொட்டுங்க"ன்னா.

ஒச்சம்மா கொட்டுனா, முக்கால். ராஜாவே எந்திரிச்சு வந்து வாங்கிக் கொட்டுனாரு, அதுவும் முக்கால். எல்லாரு கண்ணும் நல்லமுத்து படி மேல திரும்புச்சு.

ராஜா கடைப்படியை வாங்கி உள்ள கையை விட்டாரு. வெளியில பாத்தா அதே படிதான். உள்ள அடியில ரெண்டு தகடு, ஒண்ணு நல்லமுத்து அப்பன் வச்சது, ஒண்ணு அவன் வச்சது. "விலையை ஏத்துனா தலை போயிடும் மகாராசா, அதனால அடியை ஏத்துனோம்"ன்னான் நல்லமுத்து.

"உழவன்கிட்ட நெல்லு வாங்குறது எந்தப் படியில?"ன்னாரு ராஜா. "அது தகடு இல்லாத வேற படி"ன்னு முணுமுணுத்தான்.

"இனிமே உழவன்கிட்ட வாங்குறது இந்தத் தகட்டுப் படி, ஜனங்களுக்கு நீ விக்கிறது கோயில் படி, அதே ஒரு காசுக்கு. சாகுற வரைக்கும் நீ கடையை மூடக் கூடாது"ன்னு சொல்லிட்டாரு. பரிவட்டம் கட்டிக்க வந்தவன், அறுப்பு முடியுறதுக்குள்ள தலையில துண்டு போட்டுக்கிட்டான். தண்டோராவையும் ராஜா எடுத்துட்டாரு. "விலை ஏறுனா ஏறட்டும், எல்லாரு கண்ணுக்கும் தெரிஞ்சு ஏறட்டும். ஏறலேன்னு நானும்தான் பெருமைப்பட்டேன்"ன்னாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஒச்சம்மாவே கோயில் படியில அளந்த அரிசியைப் பொங்குனா. பானை கழுத்து முட்ட வந்துச்சு. மருமகளை உக்கார வச்சு முதல்ல அவளுக்குப் போட்டு, "தின்னு தாயி"ன்னா. பூவாயி ரெண்டு வாய் வச்சா. மூணாவது வாய் எறங்கல. "போதும் அத்தை, வயிறு பழகிப் போச்சு"ன்னு கையைக் கழுவிட்டா. ஒச்சம்மா அகப்பையைக் கையில வச்சுக்கிட்டே அழுதா.

அம்புட்டுத்தான் கதை. விலை ஏறவே இல்லேன்னு எவனாவது பெருமை பேசுனா, படிக்குள்ள கையை விட்டுப் பாருங்க. சொன்ன வாயும் ஓஞ்சுபோச்சு, கேட்ட கண்ணும் சொருகிப்போச்சு, படுங்க.