மிருதங்கம் காது கொடுத்த நாள்

ஒரு சபாவில் ஒரு மிருதங்கம் இருந்தது. அதற்கு ஒரே ஒரு வருத்தம். பாட்டுக்காரர் ஓய்ந்து, மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதுமே, ரசிகப் பெருமக்கள் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக அதுதான் போண்டா வேளை.

அன்று சபா செயலாளர் ரங்கமணி, மிருதங்க வித்வானிடம் வந்து சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் ஹால் காலியாச்சுன்னா அடுத்த சீசன்லேர்ந்து தனி ஆவர்த்தனமே வேண்டாம்னு கமிட்டி முடிவு பண்ணிடுத்து. தப்பா நினைச்சுக்காதீங்கோ."

மிருதங்கம் தன் வாரை இறுக்கிக்கொண்டது. "இன்று முழங்குகிற முழக்கத்தில் எவர் எழுந்து போகிறார் என்று பார்த்துவிடுகிறேன்!" என்றது.

முன்வரிசை நாற்காலி சிரித்தது. "போன வாரமும் இதையேதான் சொன்னாய். கூரை அதிர்ந்தது, நான் காலியாகத்தான் கிடந்தேன்."

தனி தொடங்கியது. படக், படக் என்று நாற்காலிகள் மடங்கின. மிருதங்கம் பதறிப்போய் இன்னும் ஓங்கி முழங்கியது. படக், படக். கடைசி ஆளும் போனார்.

"ஒன்று கேட்கட்டுமா?" என்றது நாற்காலி. "இத்தனை வருஷமாக வாசிக்கும்போதெல்லாம் நீ எங்கள் சத்தத்தைத்தானே கேட்கிறாய்? உன் நாதத்தை என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?"

மிருதங்கத்துக்குச் சுருக்கென்றது. இல்லை, ஒரு நாள்கூட இல்லை. போகிறவர்கள் போகட்டும், கடைசித் தனியையாவது நாமே கேட்போம் என்று காதைத் தனக்குள் திருப்பியது. வித்வானின் விரல்களும் மெல்ல இறங்கின. 'தோம்' என்று ஒரு சொல் விழுந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த சொல் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த அமைதியில் தான் பிறந்த பலாமரம் இன்னும் மூச்சு விடுவதை மிருதங்கம் கேட்டது. அதற்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீனில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த செங்கமலம், 'என்ன, சத்தத்தையே காணோம்?' என்று டபராவும் கையுமாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கேன்டீனில் வரிசை நீண்டது. காப்பி ஊற்ற ஆளில்லை. ரங்கமணி வேகமாக வந்தார். "என்னம்மா செங்கமலம், அத்தனை பேரும் காத்துண்டிருக்கா, நீ இங்க நின்னா எப்படி?"

"செத்த சும்மா இருங்க சார். பத்து வருசமா இடி இடிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு போண்டா போட்டேன். இன்னைக்குத்தான் காதுல விழுது. சாமி முன்னால நிக்கிற மாதிரி இருக்கு. நீங்களும் கேளுங்க."

ரங்கமணியும் காதைக் கொடுத்தார், அங்கேயே நின்றுவிட்டார். காப்பி வராமல் அவரைத் தேடி வந்தவரும் வாசலில் நின்றார். வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் ஓசைப்படாமல் உட்கார்ந்தார்கள். மிருதங்கம் அதைக் கவனிக்கவே இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது.

தனியை முடித்துவைக்கும் கடைசித் தீர்மானம் வந்து விழுந்தது. பிறகு தட்டினார்கள் பாருங்கள், கூரை அதிர்ந்தது! தட்டியவர்களில் முதல் ஆள் ரங்கமணி.

"நிமிர்ந்து பார்," என்றது முன்வரிசை நாற்காலி, மேலே ஒருவரைச் சுமந்தபடி. "ஓர் இடம்கூடக் காலியில்லை."

அந்தச் சபாவின் சரித்திரத்தில் அன்றுதான் முதல்முறையாகக் காப்பி ஆறிப்போனது.