வேகாத உயிர்

நாச்சியாரம்மாவின் சீடர் பிச்சாண்டி, குருவைவிட வயதில் மூத்தவர். ஆயுசெல்லாம் ஹோட்டலில் சோறு வடித்துவிட்டு ஆசிரமத்துக்கு வந்தவர். தங்கமான மனசு. ஆனால் அந்த மனசு ஒன்றை நினைப்பதற்குள் கை அதைச் செய்து முடித்திருக்கும்.

ஆசிரமத்தை ஒட்டி ஒரு வெந்நீர் ஊற்று. வேண்டிக்கொண்டவர்கள் அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றின் வாயில் இறக்குவார்கள். வெந்ததும் அதுதான் பிரசாதம். அங்கிருந்து தண்ணீர் வாய்க்காலில் ஓடி, சூடு தணிந்து, கீழே ஒரு கல்தொட்டியில் விழும். அந்தத் தொட்டியில் இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பூச்சி இருந்தது. அரிசி அளவுதான் இருக்கும்.

"உலகத்தில் இது வேறெங்கும் கிடையாது. இங்கேயும் கொஞ்சம்தான் மிச்சம்" என்று பார்க்க வந்த ஆராய்ச்சிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

அதைக் கேட்டதிலிருந்து பிச்சாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. அரிசி வேகிற தண்ணீரில் ஒரு உயிரா! ஐயோ பாவம் என்று, ஒரு காலையில் டீ வடிகட்டியை எடுத்துப்போய் அகப்பட்டதையெல்லாம் அள்ளினார். குடத்தில் இருந்த கிணற்றுத் தண்ணீரில் விட்டார்.

கொஞ்ச நேரத்தில் குடத்தோடு ஓடிவந்தார்.

"அம்மா, எல்லாம் சுருண்டு கிடக்கு. ஒண்ணும் அசையலை."

அம்மா எட்டிப் பார்த்தார். திட்டவில்லை.

"கிணத்துத் தண்ணியா, அண்ணாச்சி?"

"குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னுதான்..."

அம்மா குடத்தைக் கல்தொட்டிக்குள் இறக்கி, வாய் மூழ்காமல் ஓரத்தில் நிறுத்தினார்.

"கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. அப்பப்ப தொட்டித் தண்ணி ஒரு கை விடுங்க. மெல்லச் சூடேறட்டும்."

"மொத்தமா ஊத்திடட்டுமா அம்மா? சீக்கிரமா..."

"அண்ணாச்சி."

பிச்சாண்டி குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு கை விட்டார். குனிந்து பார்த்தார். மறுபடி ஒரு கை விட்டார். மதியச் சோற்றுக்கு உலை வைக்கவில்லை என்பதே அவருக்கு நினைவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது ஒன்று காலை அசைத்தது. பிறகு இன்னொன்று.

"அம்மா! ஓடுது, ஓடுது!"

ஓடியவற்றை உள்ளங்கையில் ஏந்தித் தொட்டியில் விட்டார். அவை பாசிக்குள் புகுந்துகொண்டன. சில கடைசிவரை அசையவே இல்லை. அவற்றைப் பார்த்தபடி பிச்சாண்டி தேம்பினார்.

"கொன்னுட்டேனே. சத்தியமா இரக்கப்பட்டுத்தான் செஞ்சேன், அம்மா."

"தெரியும். சுடுதுன்னு அதுக உங்ககிட்ட சொல்லிச்சா?"

"இல்லை. நானா நெனச்சுக்கிட்டேன்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே ஒரு உசுரைப் பாத்து மனசு இளகினா நான் என்னதான் செய்யட்டும்?"

அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்து பாத்தீங்களே, அண்ணாச்சி. அதை முதல்லயே செய்யுங்க."