ஓணான் விழுங்கிய வார்த்தை

அந்தக் காலத்தில், ஊர்வனவும் பறப்பனவும் வாய் திறந்து பேசிய நாளில், ஒரு வழக்கம் இருந்தது. நல்லதோ கெட்டதோ, செய்தவர் பேரைச் சொல்லாமல் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள். "தேனை நான் குடித்தேன்" என்று கரடியே வந்து ஒப்புக்கொள்ளும். அடியும் வாங்கிக்கொள்ளும்.

கிணற்றோரக் கருவேல மரத்தில் ஓர் ஓணான் இருந்தது. அதற்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. ஒரு நாள் வெட்டுக்கிளியைத் துரத்திப் பாய்ந்ததில், தூக்கணாங்குருவியின் கூட்டில் போய் விழுந்தது. கூடு அறுந்து முட்டைகளோடு கிணற்றுக்குள் போய்விட்டது.

இரை தேடப் போயிருந்த குருவி திரும்பி வந்து, கூட்டைக் காணாமல் தவித்தது. ஓணானுக்கு அடி வாங்கப் பயம். அதுவரை யாரும் பேசாத ஒரு பேச்சு அதன் வாயில் வந்தது.

"அக்கா, கூடு அறுக்கப்பட்டுவிட்டது."

பொய் இல்லை. ஆனால் அதில் ஓணானும் இல்லை. அப்பாடா என்றிருந்தது அதற்கு.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. செய்தவர் இல்லாத சேதியைக் கேட்டுக் கூடிய அக்கம்பக்கத்தார், ஆளைத் தாங்களே தேடிக்கொண்டார்கள். முட்டை திருடுவதில் பேர் போன காகம் அதே மரத்தில்தானே இருக்கிறது! பொழுது சாய்வதற்குள் அது மரத்தை விட்டுப் போகவேண்டும் என்று, அவர்களுக்கு நியாயம் சொல்லும் நாரை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஓணான் கிளைக்கு ஏறியது, இறங்கியது, வேலிக்கு ஓடியது, திரும்பி வந்தது. எங்கே போனாலும் காகத்தின் குரல் கேட்டது.

"நான் திருடிதான், இல்லைங்கல. ஆனா இத நான் செய்யல. எங்குஞ்சுகளுக்கு இன்னும் றெக்கை முளைக்கல. நான் போயிட்டா அதுங்க செத்துப்போயிரும்."

ஓணான் கூட்டத்தின் நடுவே போய் நின்றது. "தவறு நடந்துவிட்டது" என்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி வாய் திறந்தது. "நான்" என்ற சொல் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது. முக்கி முக்கிப் பார்த்ததில் கழுத்தெல்லாம் சிவந்துபோனது.

குருவிதான் அதைக் கவனித்தது. கிட்டே வந்து, "தம்பி, நீயா?" என்று கேட்டது.

ஓணான் தலையாட்டியது. வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆட்டிக்கொண்டே இருந்தது. காகம் குஞ்சுகளிடம் பறந்தது. குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஓணானுக்குப் பேச்சு திரும்பவே இல்லை, தலையும் நிற்கவில்லை.

அன்று முதல்தான் ஓணான் வேலியில் நின்று, யாரும் ஒன்றும் கேட்காமலே, நான்தான் நான்தான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் தலையாட்டுகிறது. அது கைவிட்ட, செய்தவர் பேர் இல்லாத அந்தப் பேச்சை மனிதர்கள் எடுத்துக்கொண்டார்கள், அந்தத் தலையாட்டலை மட்டும் அதனிடமே விட்டுவிட்டார்கள்.