டிராகனுக்கு இரை

அந்த செல்போன் கேம் இலவசம்தான். அதில் டிராகன் மேல் ஏறிப் பறக்க வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டி டவுன்லோடு செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தார் அம்பலவாணனின் கார்டில் அப்படி ஒரு டிராகன் வாங்கப்பட்டிருந்தது. பில்லைப் பார்த்து மகன் விசாரித்ததும், அவர் மருமகள் கோமதி மேல் பாய்ந்தார்.

"உன் தம்பிதான்! லீவுக்கு வந்து தின்னுட்டு, கார்டையும் தேய்ச்சுட்டுப் போயிருக்கான். இல்லேன்னா வாங்கினவனை இப்பவே என் முன்னால நிறுத்து!"

விருந்துக்கு வந்திருந்த கோமதியின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"விடுங்க மாமா. இன்னிக்கு இரை போடலேன்னா அந்த டிராகன் செத்துடுமாம். காசோட போகட்டும். சாப்பிட வாங்க" என்றாள் கோமதி.

இலை போட்டதும் மாமனார் வயிறு சரியில்லை என்று செல்போனோடு பாத்ரூமுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் உள்ளே டிராகன் உறுமியது. கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்தவர் சம்பந்தி பக்கம் திரும்பவே இல்லை. மருமகளிடம் மெல்லக் கேட்டார்.

"அதுல இரை போடுற பட்டனே இல்லையேம்மா?"

"அது வாங்கினவங்களுக்குத்தானே தெரியும், மாமா."

அம்பலவாணன் கரண்டியை வாங்கி, சம்பந்தி இலையில் தானே சோறு வைத்தார். தலை மட்டும் நிமிரவில்லை.