சிவப்பு எழுத்துக்குக் கீழே

"கிட் ஏறவே மாட்டேங்குது, டீச்சரம்மா."

ஞானசிகாமணி இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நின்றபோது அங்கயற்கண்ணி தயிர்சாத டப்பாவைத் திறந்திருந்தார். மனமில்லாமல் மூடினார்.

அங்கயற்கண்ணி எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் அல்லர். ஞானசிகாமணியைவிட இருபது வயது இளையவர். அந்த மென்பொருள் அலுவலகத்தில் எது ஓடாவிட்டாலும் எல்லோரும் அவர் மேசைக்குத்தான் போவார்கள். அதனால் டீச்சர். தொடக்கத்தில் அது கேலிப்பெயர். கேலி உதிர்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஞானசிகாமணி என்பது அப்பா வைத்த பெயர். அதற்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது.

நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் ஒன்றுக்கு அவர்தான் நிரல் எழுதியிருந்தார். பல வருட உழைப்பு. அதை வாங்கவிருந்த மருத்துவமனை கடைசி நேரத்தில் ஒரு நிபந்தனை போட்டது. நிரலை வரிவரியாகப் படித்துக் குறை சொல்லும் கருவி ஒன்று உண்டு, கிட் என்பார்கள். அது ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும் என்றது. இன்று மாலைக்குள் பம்ப் போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் வேறொருவருக்கு.

"என்னென்ன பண்ணீங்க, சார்?"

ஞானசிகாமணி நாற்காலியில் சரிந்துகொண்டு சொன்னார். கிட்டை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாராம். பழைய பதிப்பை ஏற்றினாராம். கணினிகளைக் கவனிக்கும் அட்மினிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாராம். பக்கத்து அறையிலிருந்து புதுக் கணினி ஒன்றை இரவல் வாங்கி, தன் நிரலை அதில் இறக்கி, அங்கேயும் ஏற்றிப் பார்த்தாராம். எங்கே போனாலும் முடிவில் அதே சிவப்பு எழுத்து.

அந்தச் சிவப்பு வரியை இணையத்தில் தேடினால், உலகெங்கும் பலர் அதே வரியை எழுதி அழுதிருந்தார்கள். ஒருவர் கணினியின் காவல் அரணான ஃபயர்வாலை அணைக்கச் சொல்லியிருந்தார். இன்னொருவர், அணைப்பவன் முட்டாள் என்று சொல்லியிருந்தார். ஞானசிகாமணி இருவர் பேச்சையும் கேட்டார். அலுவலகத்து இளைஞர்கள் அவரைக் கண்டால் வணக்கம் சொல்வதை விட்டுவிட்டு, "ஏறியாச்சா சார்?" என்று நலம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

டீச்சர் சொன்னால் மருத்துவமனைப் பொறியாளர் சதக்கத்துல்லா நம்புவார் என்றார் ஞானசிகாமணி. கிட் நம் கணினிகளுக்கு ஒத்துவரவில்லை, நிரலில் ஒரு குறையும் இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிட் இல்லாமலே பம்ப் போய்விடும்.

டீச்சர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் எதிர்ல ஒருதடவை ஏத்துங்க."

"எத்தனை தடவைம்மா..."

"இதான் கடைசி."

டீச்சரின் கணினியில் தன் நிரலை இறக்கி, கிட்டை ஏற்றினார். திரையில் பட்டை மெல்ல நகர்ந்தது. வராத பேருந்துக்கு நிற்பவர்களைப் போல இருவரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

திரை சிவந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ஞானசிகாமணி. குரலில் ஒரு திருப்திகூட இருந்தது.

சொல்லி முடிப்பதற்குள் அவர் கை தானாக முதல் வரியை நகலெடுத்துக்கொண்டு தேடல் பெட்டியை நோக்கிப் புறப்பட்டது.

டீச்சர் மவுஸைப் பிடுங்கினார். இழுப்பறையில் போட்டு மூடினார்.

ஞானசிகாமணியின் கை மேசைமேல் வெறுமனே கிடந்தது.

"என்னம்மா இது?"

"படிங்க."

"படிச்சேனே. பிழைன்னு போட்டிருக்கு."

"அதுக்குக் கீழே?"

கீழே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. உரைகளையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு மூலத்தைப் புரட்டாத பண்டிதர்கள் எல்லாத் துறையிலும் உண்டு.

அம்புக்குறி விசையை அழுத்தி இறங்கினார். உதடு அசையப் படித்தார்.

ஒரு கோப்பின் பெயர் இருந்தது. அது கிட்டின் கோப்பு அல்ல. சொட்டின் வேகத்தைக் கணக்கிடும் கோப்பு, அவரே எழுதியது. அதற்குக் கீழே வரி எண். அதற்கும் கீழே, இந்த வழியாக வந்தால் வேகம் எவ்வளவு என்று எங்கும் சொல்லப்படவில்லை என்றிருந்தது.

அந்த வழி எப்போது திறக்கும் என்பது கருவிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது பம்ப் அந்த வழியாகத்தான் எழுந்திருக்கும்; மருந்து எந்த வேகத்திலும் சொட்டலாம்.

உதடு நின்றுவிட்டது.

இன்னும் இறங்கினார். அதே மாதிரி வேறு சில. எல்லாவற்றுக்கும் அடியில், இதுவரை அவர் இறங்கியே பார்க்காத இடத்தில், சின்னப் பச்சை எழுத்தில் ஒரு வரி: கிட் நிறுவி முடிந்தது. உங்கள் நிரலைப் படித்தும் முடிந்தது.

டீச்சர் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்திருந்தார். சாதம் இறுகிப் போயிருந்தது.

"சதக்கத்துல்லா சாருக்கு ஃபோன் போடட்டுமா?"

"வேணாம்மா. நான் பேசிக்கிறேன்."

பேசினார். பம்ப் இன்று வராது என்றார். என்று வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். எதிர்முனை ஒப்பந்தத்தை நினைவூட்டியது. தெரியும் என்றார்.

"ஏன் சார், அந்தக் கிட் இன்னுமா ஏறல?" என்றார் சதக்கத்துல்லா.

ஞானசிகாமணி திரையைப் பார்த்தார்.

"ஏறிடுச்சு சார். அதனாலதான்."